பழைய ஆர்கனும் நீளும் சுரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

மிகக் குறைந்த சுரங்களை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல மாறிச் செல்லும் மினிமல் இசையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய நான்கு வரிப் பதிலில், பழைய தேவாலயங்களில் துருத்திக் காற்றால் குழாய்களை ஒலிக்கச் செய்யும் குழாய் ஆர்கன்களுக்காக இன்றும் புதிதாக இசை எழுதப்படுகிறது என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். புதுச்சேரியிலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்முறை இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் கீபோர்டில் மேற்கத்திய இசை படித்தவன். பிரான்சில் என் சித்தப்பா குடியிருக்கும் ஊரின் தேவாலயத்தில் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆர்கன் ஒன்று இருக்கிறது. வரும் கோடையில், பூசை இல்லாத பிற்பகல்களில் அதில் அமர்ந்து வாசிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த ஆர்கனுக்கென்றே மினிமல் பாணியில் சோதனை முயற்சியாக ஒரு படைப்பு எழுத விரும்புகிறேன். இங்கிருந்தே எழுதி எடுத்துக்கொண்டு போகலாமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வெற்றுத் தாளோடு போங்கள். பியானோவுக்கு எழுதியதை எந்த ஊர்ப் பியானோவிலும் ஏறத்தாழ அப்படியே வாசித்துவிடலாம். பழைய ஆர்கனோ, ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்காக, அந்த வட்டாரம் அந்தக் காலத்தில் ஏற்றுக்கொண்டிருந்த சுருதியில், காரீயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த தகட்டைச் சுருட்டிச் செய்த குழாய்களோடு பிறந்தது. அந்தக் காலத்துப் பிரெஞ்சு ஆர்கன்கள் பலவற்றில் ஏ என்னும் சுரம் இன்றைய 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 392 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும்; அதே காலத்து வட ஜெர்மனி ஆர்கன்கள் பலவற்றில் 465 ஹெர்ட்ஸ் வரையிலும் ஏறி நிற்கும். இடக்கைக் கோடியிலுள்ள கட்டைகளைக்கூட நம்பிவிட முடியாது. பெரிய குழாய்களுக்கு ஆகும் உலோகச் செலவை மிச்சப்படுத்துவதற்காக அடி ஸ்தாயியைக் குறுக்கி அமைத்த ஆர்கன்கள் உண்டு. அவற்றில் இ கட்டையை அழுத்தினால் ஸி ஒலிக்கும், எஃப் ஷார்ப் கட்டையை அழுத்தினால் டி ஒலிக்கும், ஜி ஷார்ப் கட்டையை அழுத்தினால்தான் இ ஒலிக்கும். இவற்றையெல்லாம் வீட்டிலிருந்து ஊகித்து எழுத முடியாது.

உங்கள் படைப்பின் கரு அந்த ஆர்கனின் சுருதியமைப்பில் இருக்கும் என்பது என் துணிபு. நீங்கள் பழகிய கீபோர்டில் பன்னிரண்டு அரைச்சுரங்களும் ஒவ்வொன்றும் 100 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு) என்ற கணக்கில் சமமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் ஸிக்கு அந்தர காந்தாரமாகிய இ, 400 சென்ட்டில் நிற்கிறது. 5:4 என்னும் தூய விகிதப்படி அது 386 சென்ட்டில் நிற்க வேண்டும். இந்த 14 சென்ட் வேறுபாடு, நடு ஸியில் பிடித்துப் பார்த்தால், விநாடிக்குப் பத்து விம்மலாக, அதாவது ஒலி பத்து முறை ஏறி இறங்கித் துடிப்பதாகக் கேட்கும். பிறந்ததிலிருந்து அதையே கேட்டுவருவதால் நம் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பரவலாக வழங்கிய மீன்டோன் முறை, காந்தாரத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும்பொருட்டுப் பஞ்சமத்தைச் சற்றே குறைக்கிறது: 702 சென்ட்டில் நிற்க வேண்டிய பஞ்சமம் அதில் ஏறத்தாழ 696.5 சென்ட்டில் நிற்கும். பதினொரு பஞ்சமங்களில் இப்படிச் சேரும் குறையெல்லாம் பன்னிரண்டாவதன் தலையில் வந்து விடியும். ஏறத்தாழ 737 சென்ட் அகலத்துக்கு விரிந்துபோன அந்த இடைவெளி ஊளையிடுவதால் அதற்கு ஓநாய்ப் பஞ்சமம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

தம்புராவைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பஞ்சமமே நிம்மதி தரும் இடம். காந்தாரம் அதற்குப் பிறகு வருவது. மீன்டோன் ஆர்கனில் அமர்ந்தால் இந்த வரிசை மாறிவிடும். பஞ்சமத்தைப் பிடித்தால் விநாடிக்கு இரண்டு மூன்று முறை மெல்ல விம்மிக்கொண்டிருக்கும்; காந்தாரத்தைப் பிடித்தால் ஓர் அசைவும் இன்றிக் கல்லில் வெட்டினாற்போல் நிற்கும். முதல் இரண்டு மூன்று நாள்களை இதற்கே கொடுங்கள். எட்டடிக் குழாய் வரிசை ஒன்றை மட்டும் திறந்துகொண்டு, இரண்டிரண்டு சுரங்களாகப் பிடித்து, எந்த இணை அசையாமல் நிற்கிறது, எந்த இணை எவ்வளவு வேகத்தில் விம்முகிறது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலே உங்களுக்கு ராக லட்சணமாகிவிடும். ஓய்விலிருந்து அசைவுக்கும் அசைவிலிருந்து ஊளைக்கும் எந்த வழியாகப் போவது, எந்த வழியாகத் திரும்புவது என்பதே படைப்பின் நடை. 1967-இல் ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி எழுதிய ஓர் ஆர்கன் எட்யூடில் (பயிற்சிப் படைப்பில்), பத்து விரலாலும் பிடித்த அடர்ந்த சுரக்கூட்டில் ஒவ்வோர் அடிக்கும் ஒரே ஒரு விரல் மட்டும் அரைச்சுரம் நகர்கிறது. அவரை மினிமலிசத்தில் சேர்ப்பவர்கள் குறைவு என்றாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற அந்த ஒழுங்கை நீங்கள் தாராளமாகக் கடன் வாங்கலாம். ஆனால் இன்றைய சுருதியமைப்புக்காக ஒருவர் தேர்ந்த சுரக்கூடுகளை அப்படியே மீன்டோனில் வைத்துவிடாதீர்கள். சுருதியமைப்பு இடையில் எப்போதாவது மாற்றப்பட்டிருக்கிறதா என்று, அந்த ஆர்கனைப் பராமரிப்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய உடலுக்குள் புதிய சுருதியை வைத்திருக்கும் ஆர்கன்களும் உண்டு.

அடுத்தது காற்று. ஆர்கனின் கட்டை, பழைய அமைப்பில், மெல்லிய மரச்சட்டங்களின் வழியாகக் காற்றுப்பெட்டிக்குள் இருக்கும் வால்வை நேராக இழுத்துத் திறக்கிறது. இடையில் மின்சாரம் எதுவும் இல்லை. ஆகவே கட்டையைப் பாதி மட்டும் அழுத்தினால் குழாய்க்குப் பாதிக் காற்றுதான் போகும். சுரம் முழுதாகப் பிறப்பதற்கு முன் ஒரு மூச்சொலியும், அதன் மேல் மெலிந்த மேற்சுரங்களும் கேட்கும். விரலை ஒரு நூலளவு இறக்கினால் அந்த ஒலி வேறாகிவிடும். ஸ்டாப் என்று சொல்லப்படும் இழுவைக் குமிழ்களும் அப்படித்தான்: குமிழுக்குப் பின்னால் துளையிட்ட நீண்ட சட்டம் ஒன்று நகர்ந்து, ஒரு வரிசைக் குழாய்களுக்கெல்லாம் காற்று வழியை ஒருசேரத் திறக்கிறது. குமிழை அரைகுறையாக இழுத்து நிறுத்தினால் சுருதி இறங்கும், ஒலி நீர்த்துப்போகும், சில குழாய்கள் வாய் திறக்கவே மறுக்கும். முழுதாகத் திறந்த வரிசையோடு இப்படி அரைகுறையாகத் திறந்த வரிசையைச் சேர்த்துவிட்டால், ஒரே கட்டையில் இரண்டு சுருதிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். கால் கட்டைகளில் பெரிய குழாய்களைத் திடீரென்று திறந்தால் காற்று ஒரு கணம் தாழ்ந்து, மேலே ஒலித்துக்கொண்டிருக்கும் சிறு குழாய்கள் நடுங்கும். பூசைக்கு வாசிப்பவர் இவற்றையெல்லாம் குறை என்று ஒதுக்குவார். உங்களுக்கு இவைதான் மூலப்பொருள்.

துருத்தியை ஆளே மிதிக்கும் பழைய ஏற்பாடு அங்கே இன்னும் இருந்தால், காற்றூட்டும் மின்விசிறியை நிறுத்திவிட்டு அதைப் பயன்படுத்த முடியுமா என்று கேளுங்கள். துருத்தி ஒன்று இறங்கி முடிய ஆகும் நேரத்தை உங்கள் தாள ஆவர்த்தனமாகவே வைத்துக்கொள்ளலாம். அப்போது மிதிப்பவரும் கலைஞராகிவிடுகிறார். நிகழ்ச்சித் தாளில் அவர் பெயரையும் போட்டுவிடுங்கள்.

எழுதும் முறையைப் பொறுத்தவரை, ஐந்து கோடுகளில் சுரத்தின் பெயரை எழுதினால் போதும். கால அளவுக்கு நிமிடம் விநாடியையோ, துருத்தியின் எண்ணிக்கையையோ, வாசிப்பவரின் மூச்சையோ வைத்துக்கொள்ளலாம். அரைகுறையாக இழுக்கும் ஸ்டாப்புகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவைப்படும். குமிழ் எத்தனை அங்குலம் வெளியே வருகிறது என்று அளந்து குறியுங்கள், எந்த ஒலி கேட்கும்போது நிறுத்த வேண்டும் என்பதையும் பக்கத்தில் சொற்களால் எழுதுங்கள், ஏனெனில் மரம் ஈரத்தில் உப்பும் நாளில் அந்த அங்குலக் கணக்கு பொய்த்துவிடும்.

கேள்வி: ஒரே சுரத்தை அரைமணி நேரம் பிடித்துக்கொண்டிருப்பதை இசை என்று எப்படி ஏற்பது? ஜெர்மனியில் ஒரு தேவாலயத்தில் அறுநூறு ஆண்டுகளுக்கு ஒரு பாட்டு ஓடுகிறதாம். இது கேலியா, தத்துவமா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ஹால்பர்ஸ்டாட் நகரின் புனித புர்க்கார்டி தேவாலயத்தில் நடப்பது. இயன்ற அளவு மெதுவாக வாசிக்க வேண்டும் என்ற குறிப்போடு அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் விட்டுச்சென்ற ஆர்கன் படைப்பு அது. எவ்வளவு மெதுவாக என்று அவர் சொல்லவில்லை. அந்நகரில் 1361-இல் புகழ்பெற்ற ஆர்கன் ஒன்று நிறுவப்பட்டது. அதிலிருந்து 2000 வரை 639 ஆண்டுகள். அதே 639 ஆண்டுகளை எதிர்காலத்துக்கும் நீட்டி, 2640-இல் முடியும்படி வகுத்துக்கொண்டார்கள். 2001 செப்டம்பர் 5-இல் படைப்பு தொடங்கியது; முதலில் வருவது மௌனம் என்பதால் 2003 பிப்ரவரி 5 வரை துருத்தியின் காற்றொலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. கட்டைகளை அழுத்திப் பிடித்திருப்பவை சிறு மணல் மூட்டைகள். 2024 பிப்ரவரி 5-இல் சுரம் மாறியபோது அதைக் கேட்கவென்றே தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வந்தார்கள். அதைக் கேலி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதை ஒரு நினைவுச்சின்னமாக மதிக்கிறேனே தவிர, உட்கார்ந்து கேட்பதற்குரிய படைப்பாகக் கருதவில்லை. எந்த மனிதனும் அதன் நடையைக் கேட்க முடியாது.

அரைமணி நேரப் படைப்பின் நிலை வேறு. ஆர்கன் குழாய்க்கு ஓர் இயல்பு உண்டு: வீணைத் தந்தியைப் போல மீட்டியவுடன் தேயத் தொடங்காமல், காற்று உள்ளவரை அதன் ஒலி அதே அளவில் நிற்கும். ஒலி தேயாதபோது காதுக்கு வேறு வேலை கிடைக்கிறது. முதல் நிமிடத்தில் ஒற்றைச் சுரமாகக் கேட்டது, ஐந்தாம் நிமிடத்தில் அதற்கு மேல் ஸ்தாயியும், அதற்கு மேல் பஞ்சமமும், அதற்கும் மேலே ஒரு காந்தாரமுமாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். எதுவும் சேர்க்கப்படவில்லை; அவை முன்பே அந்த ஒலிக்குள் இருந்தவைதாம். கல் கட்டடத்துக்குள் ஒலியலைகள் சுவரில் மோதித் திரும்பி ஓர் இடத்தில் கூடியும் மற்றோர் இடத்தில் கழிந்தும் நிற்பதால், நீங்கள் தலையைச் சற்றுத் திருப்பினாலே சுரக்கூட்டின் நிறம் மாறும். பத்தடி நடந்தால் ஒரு சுரம் காணாமலே போய்விடும். இப்படிக் கேட்பதற்குப் போதிய நேரம் கொடுப்பதற்காகவே அந்த நீளம்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் ஐயத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நீட்டிப் பிடித்தால் போதும், ஆழம் தானாக வந்துவிடும் என்று எண்ணி எழுதப்பட்ட ஆர்கன் படைப்புகள் இன்று மலிந்து கிடக்கின்றன. அவற்றை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. அதே படைப்பை வேறோர் ஆர்கனுக்கு மாற்றினாலும் எதுவும் கெடாது என்றால், எழுதியவர் அந்தக் கருவியைக் கேட்கவே இல்லை என்று முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: நான் நாகசுவரக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஒத்தும், தம்புராவும், சுருதிப் பெட்டியும் காலங்காலமாகச் செய்து வருவதையே மேல்நாட்டார் புதிது என்று சொல்லிக்கொள்கிறார்களா?
– வாசகர், சிதம்பரம், கடலூர் மாவட்டம்

பதில்: கொஞ்சம் உண்மை, கொஞ்சம் அவசரம். மினிமல் இசையின் முன்னோடிகளில் ஒருவரான லா மான்டே யங், 1960-இல் இரண்டே சுரங்களைத் தாளில் எழுதி, இவற்றை நெடுநேரம் பிடித்திருக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் சேர்த்தார். அந்த இரண்டு சுரங்களும் சட்ஜ பஞ்சமம்தான். சரோத் கலைஞர் அலி அக்பர் கானின் இசைத்தட்டில் கேட்ட தம்புரா தம்மை ஆட்கொண்டதை அவரே சொல்லியிருக்கிறார். 1970-இல் அவரும் மற்றொரு முன்னோடியான டெர்ரி ரைலியும் இந்துஸ்தானி இசையின் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் மாணவர்களாகவே சேர்ந்தார்கள். அதே வழியில் வந்த இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் 1960-களின் நடுவில் பாரிஸில் ரவிசங்கரின் திரைப்பட இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதிக் கொடுக்கும் வேலையில் அமர்ந்து, சிறு அலகுகளைக் கூட்டிக் கூட்டி வளர்க்கும் கணக்கை அங்கே பிடித்துக்கொண்டார். ஒரு சுரத்தொடரில் ஒவ்வொரு முறையும் ஒரு சுரத்தைக் கூட்டுவதும், பிறகு ஒவ்வொன்றாகக் குறைப்பதும் அவருடைய தொடக்கக் காலப் படைப்புகளில் வரும். சிரோதோவக யதியும் கோபுச்ச யதியும் தவிலில் கேட்டு வளர்ந்த உங்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், ஒத்து தன்மேல் நாகசுவரம் நடப்பதற்காகவே ஒலிக்கிறது. ஒத்து மட்டும் ஒலித்தால் கச்சேரி இன்னும் தொடங்கவில்லை என்றே பொருள். நான் சொல்லும் ஆர்கன் படைப்புகளில் அந்த ஒத்தே கச்சேரி. நம் மரபில் ஆதார சுருதி ஆடக் கூடாது, கச்சேரி முழுவதும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அங்கே அந்த ஆதாரமே மெல்ல நகர்த்தப்படுகிறது, உடைக்கப்படுகிறது, ஒரு பக்கம் சாய்க்கப்படுகிறது. அந்த வகையில் நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டதை அவர்கள் வேறொன்றாக்கிவிட்டார்கள். ஒத்துக்காரரை விட்டுவிட்டு மின்சாரச் சுருதிப் பெட்டியை மேடையில் வைக்கும் வழக்கம் பரவிய பிறகு, மூச்சு முறியாமல் ஒரே சுரத்தை ஊதும் அந்த வித்தையின் அருமையை நமக்கு நினைவூட்ட வேறு நாட்டுக்காரர்கள் வர வேண்டியிருக்கிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு.

கேள்வி: எங்கள் பங்கில் குழாய் ஆர்கன் இல்லை. காலால் மிதிக்கும் பழைய பெரிய ஆர்மோனியம் ஒன்று பாடகர் குழு நிற்கும் மாடத்தில் துணி போர்த்திக் கிடக்கிறது. மின்சாரக் கீபோர்டு வந்த பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. இதைக் கொண்டு நீங்கள் சொல்லும் வகையில் ஏதாவது முயலலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தாராளமாக முயலலாம். புதுச்சேரியில் அப்படி ஒரு முயற்சி நடந்தால் அது பொருத்தமாகவும் இருக்கும், ஏனெனில் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றவர் பாரிஸைச் சேர்ந்த அலெக்சாந்த்ர் தெபெய்ன், ஆண்டு 1842. தமிழ் நாடக மேடையை ஆண்ட கால் ஆர்மோனியமும் அந்த வழியில் வந்ததே. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் காலமானதும் உங்கள் ஊரில்தான். கருவடிக்குப்பத்துச் சமாதிக்கு நாடகக் கலைஞர்கள் இன்றும் வந்து வணங்கிப் போகிறார்கள்.

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். பிரெஞ்சு வகையில் துருத்தி காற்றை நாக்குகளின், அதாவது அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய பித்தளைத் தகடுகளின், வழியே வெளியே தள்ளும். அமெரிக்க வகையில் உள்ளே இழுக்கும். பிரெஞ்சு வகையாக இருந்தால், குமிழ்களின் நடுவே எக்ஸ்பிரஸ்ஸியோன் என்றோ, வெறும் ஈ என்னும் பிரெஞ்சு எழுத்தோ பொறித்த ஒன்று இருக்கக்கூடும். அதை இழுத்தால் இடையில் உள்ள காற்றுச் சேமிப்பு விலகி, உங்கள் பாதத்தின் அழுத்தம் நேரே நாக்குக்குப் போகும். குழாய் ஆர்கனால் செய்ய முடியாத ஒன்றை அப்போது நீங்கள் செய்யலாம்: பிடித்த சுரத்தை விடாமலேயே, ஒன்றுமில்லாத நிலையிலிருந்து மெல்ல எழுப்பி மீண்டும் ஒன்றுமில்லாத நிலைக்குக் கொண்டுபோகலாம். காற்றை மிகுதியாகக் கொடுத்தால் நாக்கின் சுருதி ஒரு துளி இறங்கும். ஒரே சுரத்துக்கு இரண்டு வரிசை நாக்குகள் இருந்தால், காலத்தால் அவை சற்றே பிரிந்துபோயிருக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் விம்மும். இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு பத்து நிமிடப் படைப்பு ஒன்றை எழுதிவிட முடியும். சுருதியைச் சரிசெய்கிறேன் என்று எவரேனும் முன்வந்தால், அதற்கு முன்பே ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போதிருக்கும் விம்மல்கள் பிறகு கிடைக்கமாட்டா.

எச்சரிக்கை ஒன்று. கடற்காற்றின் உப்பு பித்தளை நாக்கை அரிக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும், துருத்தித் துணியைப் பூச்சி தின்றிருக்கும். மழைக்காலம் கழிந்து, மரம் உலர்ந்த பிறகு திறந்து பாருங்கள். நாக்கைக் கத்தியால் சுரண்டவோ, துருத்தியின் கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டவோ யாரையும் விடாதீர்கள். ஆர்மோனியப் பெட்டி பழுது பார்த்துப் பழகிய கைகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன.

கேள்வி: பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். திறந்த ஆர்கன் குழாய், மூடிய ஆர்கன் குழாய் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைகிறேனே தவிர நேரில் பார்த்ததில்லை. வெப்பநிலை ஏறினால் ஒலியின் வேகம் ஏறும் என்பதால் ஆர்கனின் சுருதியும் ஏறத்தானே வேண்டும்? அப்படியானால் விகிதங்களை நம்பி எழுதிய படைப்பு என்னவாகும்?
– ஆசிரியை, நெல்லிக்குப்பம்

பதில்: ஏறும். 20 டிகிரியில் 440 ஹெர்ட்ஸாக ஒலித்த குழாய் 30 டிகிரியில் ஏறத்தாழ 447 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். ஒரு டிகிரிக்கு மூன்று சென்ட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாக் குழாய்களும் சேர்ந்தே ஏறுவதால் அவற்றுக்கிடையேயுள்ள விகிதம் குலைவதில்லை. தூய காந்தாரம் தூயதாகவே இருக்கும். சிக்கல் நாக்குக் குழாய்களால் வருகிறது. அவற்றில் சுருதியைப் பெரும்பாலும் முடிவு செய்வது உலோக நாக்கின் நீளமும் விறைப்பும் என்பதால் வெப்பம் அவற்றை அவ்வளவாக அசைப்பதில்லை. அதனால் வெயில் நாளில் மற்றக் குழாய்கள் எல்லாம் ஏறிப்போக, நாக்குக் குழாய்கள் கீழேயே தங்கிவிடும். எண்ணிக்கையில் குறைந்த நாக்குகளைப் பெரும்பான்மைக்கு ஏற்பத் திருத்துவதே பராமரிப்பவர்களின் வழக்கம். இரண்டு வகையையும் சேர்த்து எழுதப்பட்ட படைப்பு கோடையில் ஒரு வேகத்திலும் குளிர்காலத்தில் வேறொரு வேகத்திலும் விம்மும். லாஸ்பேட்டைத் தம்பியும் இதைக் கவனத்தில் கொள்ளட்டும்: வெறும் கூடத்தில் எழுதியது, நூறு பேர் உட்கார்ந்து சூடேறிய கூடத்தில் அப்படியே இருக்காது.

நீங்கள் வரையும் மூடிய குழாயும் இங்கே உதவும். எட்டடித் திறந்த குழாய், அதாவது ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளமுள்ளது, 65 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். மேல் முனையை மூடிவிட்டால் நான்கடியிலேயே அதே சுருதி கிடைக்கும், ஆனால் ஒற்றைப்படை மேற்சுரங்களே வலுவாக ஒலிக்கும். மூடிய குழாயின் மங்கலான ஒலியில் முதல் மேல் ஸ்தாயி வலுவிழந்துவிடுவதால், அதன்மேல் திறந்த குழாய் வரிசை ஒன்றைத் திறக்கும்போது கூடுதலாக வருவது என்ன என்பதைக் காது தெளிவாகப் பிரித்தறியும்.

கேள்வி: பழைய ஆர்கன்களின் ஒவ்வொரு குழாயையும் ஒலிப்பதிவு செய்து மென்பொருளாக விற்கிறார்களாமே? அதை வைத்து வீட்டிலேயே எழுதினால் என்ன?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: படைப்பின் வரிசையையும் நீளத்தையும் ஒத்திகை பார்க்க அது மிகவும் பயன்படும், சுருதியமைப்பை நொடியில் மாற்றிக் கேட்கலாம் என்பது பெரிய வசதி. ஒலியை மட்டும் அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். பதிவுக்காரர் தம் ஒலிவாங்கியை வைத்த ஓர் இடத்தின் கூடம்தான் அதில் இருக்கும், நீங்கள் நடந்து கேட்கும் கூடம் இருக்காது. கட்டையைக் கால்பங்கு அழுத்திப் பிடிப்பதும் பெரும்பாலான வீட்டுக் கீபோர்டுகளில் நடக்காத காரியம்.

கேள்வி: கட்டைகளின் மேல் பாரம் வைத்து வாசிக்கிறார்களே, ஆர்கன் கெடாதா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: விரல் கொடுக்கும் அழுத்தத்துக்கு மேல் போகாத சிறு ஈயக்கட்டியோ, கட்டைகளுக்கிடையே செருகும் மெல்லிய மரத் துண்டோ கெடுதல் செய்யாது, அமெரிக்க இசைக்கலைஞர் சார்ல்மேன் பாலஸ்டைன் தம் நெடிய ஆர்கன் படைப்புகளை இப்படிச் சிறு துண்டுகளைச் செருகியே வாசிக்கிறார். ஒட்டுநாடா கூடாது, ஈரமுள்ள பொருள் கூடாது. யானைத் தந்தமோ எலும்போ பதித்த பழைய கட்டைகளாக இருந்தால் அடியில் பஞ்சுத்துணி வைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் துண்டுகளை எண்ணி எடுக்க வேண்டும், உள்ளே ஒன்று விழுந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு சுரம் தானாகவே ஒலிக்கத் தொடங்கி உங்கள் அனுமதிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடும்.

கேள்வி: இந்த வகையில் கேட்கத் தகுந்தவர்கள் யார்? குழாய் ஆர்கனை நேரில் கேட்கப் பக்கத்தில் எங்கே போகலாம்?
– வாசகி, வில்லியனூர்

பதில்: இருவரைச் சொல்கிறேன். சுவீடனைச் சேர்ந்த எலன் ஆர்க்ப்ரோ, ஜெர்மனியின் டாங்கர்முண்டெ நகரில் 1624-இல் கட்டப்பட்ட ஆர்கனின் மீன்டோன் சுருதிக்கென்றே, பித்தளைக் குழல்களையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அமெரிக்கரான காலி மலோன், ஆர்கனுக்குச் சுருதி கூட்டும் தொழிலையும் பழகியவர். ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் அவருடைய மெதுவான கானன்களில் அந்தப் பழக்கம் நன்றாகத் தெரிகிறது. முதலில் ஆர்க்ப்ரோவைக் கேளுங்கள், காதில் மாட்டும் கருவியைத் தவிர்த்து, அறையில் ஒலிபெருக்கி வைத்து, இடம் மாறி மாறி உட்கார்ந்து.

நேரில் கேட்பதற்குச் சென்னை எழும்பூரிலுள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்குப் போகலாம். அங்கே 1883-இல் நிறுவப்பட்ட குழாய் ஆர்கன் இருக்கிறது. அன்று அதை வாசிக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஞாயிறு காலை ஆராதனைக்குச் செல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் எழுந்துவிடாமல், வாசிப்பவர் கடைசிச் சுரத்திலிருந்து விரலை எடுத்த பிறகு கூடம் எவ்வளவு நேரம் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தொடங்குபவருக்கு முதலில் வேண்டிய அளவு அதுதான்.